வாளியில் வளர்ந்த செடி

(மாலை நேரப் படிப்பு மையத்தில் ஒரு தொண்டர் பேசியது)



தினமும் இந்த நேரத்தில் நாம் எழுதுகிறோம், படிக்கிறோம். இன்று பலகையில் எதுவும் எழுதப் போவதில்லை. நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லப் போகிறேன். தெரியாமல் செய்த தவறுதான். ஆனாலும் அதனால் ஒருவருக்குத் துன்பம் வந்தது. அவர் இப்போது இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

நம் தெருவைப் பாருங்கள். செடி வைக்க ஒரு முழம் மண் கிடையாது. ஆனாலும் செடி இல்லாத வீடு இல்லை. பழைய வாளியில் துளசி இருக்கும். பெயிண்ட் டப்பாவில் ரோஜா இருக்கும். உடைந்த குடத்தில் கற்பூரவல்லி இருக்கும். ஊரில் நிலத்தை விட்டு வந்தவர்கள் நாம். பச்சையைப் பார்க்காமல் நம்மால் இருக்க முடியாது.

என் அம்மா ஒரு பெரிய வீட்டில் வேலை செய்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டில் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தார்கள். அதில் இருந்த செடி ஒன்றை அம்மாவுக்குக் கொடுத்தார்கள். அம்மா அதைக் கவரில் போட்டுக் கொண்டு வந்தார்.

அது தண்ணீரில் மிதக்கும் செடி. இலை பளபள என்று இருக்கும். இலையின் காம்பு பலூன் போல உப்பியிருக்கும். பூ ஊதா நிறம். மேல் இதழில் மயில் தோகையின் கண் போல ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். அவ்வளவு அழகு! ஓட்டை அடைத்த ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றி, வாசலில் வைத்தோம்.

உங்களுக்கும் அந்தச் செடியைத் தெரியும். அதன் பெயர் ஆகாயத்தாமரை. சிலர் வெங்காயத்தாமரை என்பார்கள்.

இரண்டு மாதத்தில் வாளி நிறைந்து விட்டது. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். அதற்கு மேலும் வளர்ந்தது. மிஞ்சியதை என்ன செய்தேன்? வீட்டுக்குப் பின்னால் ஓடும் மோரியில் போட்டேன். "செடிதானே, மக்கிப் போகும்" என்று நினைத்தேன். ஒரு முறை அல்ல, பல முறை போட்டேன். என்னிடம் வாங்கியவர்களும் அப்படியே செய்தார்கள்.

புரட்டாசி மாதம் வந்தது. ஒரு நாள் இரவு பெரிய மழை. மோரியில் தண்ணீர் போகவில்லை. சிறு பாலத்துக்கு அடியில் ஏதோ அடைத்துக் கொண்டது. தண்ணீர் திரும்பித் தெருவுக்குள் வந்தது. பள்ளத்தில் இருந்தது நம் பாட்டியின் வீடு. முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர் உள்ளே புகுந்தது.

ரேஷன் அரிசி நனைந்தது. பாய், போர்வை எல்லாம் நனைந்தன. பாட்டியின் நோட்டுப் புத்தகமும் நனைந்தது. அறுபது வயதுக்கு மேல் அவர் முதன்முதலாகத் தன் பெயரை எழுதிய நோட்டு அது. மை கரைந்து, பெயர் நீலக் கறையாகி இருந்தது.

மறுநாள் காலையில் ஆட்கள் கடப்பாரையால் அடைப்பை எடுத்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் கவர், தெர்மோகோல், பழைய துணி எல்லாம் வந்தன. அவற்றோடு கத்தை கத்தையாக என் வீட்டுச் செடியும் வந்தது. அதன் வேர் தலைமுடி போல நீளமானது. அந்த வேர் எல்லாக் குப்பையையும் கட்டிப் பிடித்து வைத்திருந்தது.

எல்லாப் பழியையும் செடியின் மேல் போட மாட்டேன். குப்பையும் இருந்தது. ஆனால் செடியைப் போட்டது நான்தான்.

அன்று மாலை பாட்டியிடம் உண்மையைச் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "செடிக்கு என்னடி தெரியும்? போட்ட கைக்கு அல்லவா தெரிந்திருக்க வேண்டும்" என்றார்.

என் கைக்குத் தெரியவில்லை. எனவே தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். படித்தேன். தெரிந்தவர்களிடம் கேட்டேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

இந்தச் செடி எங்கிருந்து வந்தது?

ஆகாயத்தாமரை நம் நாட்டுச் செடி அல்ல. தென் அமெரிக்காவில் அமேசான் என்ற பெரிய ஆறு இருக்கிறது. அந்தப் பக்கத்துச் செடி இது. சுமார் 130 ஆண்டுகளுக்கு முன் வங்காளத்துக்கு வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு கொண்டு வரவில்லை. பூ அழகாக இருக்கிறது என்று தோட்டத்தில் வைக்கக் கொண்டு வந்தார்கள். என் அம்மா கொண்டு வந்தது போலத்தான்.

தோட்டத்துக் குளத்திலிருந்து அது ஆற்றுக்குப் போனது. ஆற்றிலிருந்து நெல் வயலுக்குப் போனது. படகு போக வழி இல்லாமல் அடைத்தது. மீன் பிடிக்க முடியவில்லை. கடைசியில் 1936-ஆம் ஆண்டில் வங்காளத்தில் இந்தச் செடியை ஒழிப்பதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். ஒரு பூச்செடிக்கு எதிராக ஒரு சட்டம்! அவ்வளவு தொல்லை கொடுத்தது.

ஒரு கணக்குப் போடுவோம்

நாம் இப்போது கணக்கும் படிக்கிறோம் அல்லவா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தண்ணீரும் வெயிலும் நன்றாக இருந்தால் இந்தச் செடி சுமார் இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும். இன்று ஒரு செடி இருக்கிறது. இரண்டு வாரத்தில் 2. நான்கு வாரத்தில் 4. ஆறு வாரத்தில் 8. பிறகு 16, 32, 64, 128, 256, 512. இருபதாவது வாரத்தில் எவ்வளவு? 1,024.

ஐந்து மாதத்துக்குள் ஒரு செடி ஆயிரம் செடி ஆகிவிடும். அதுவும் சாக்கடை கலந்த தண்ணீர் என்றால் அதற்கு விருந்துதான். வயலுக்கு நாம் போடும் உரத்தில் உள்ள சத்துகள் சாக்கடையில் நிறைய இருக்கின்றன.

பிடுங்கிப் போட்டால் தீர்ந்ததா? இல்லை. பூ காய்ந்தபின் விதை சேற்றில் விழும். சில விதைகள் இருபது ஆண்டு வரைகூடச் சேற்றுக்குள் உயிரோடு இருக்கும். இன்று பிறந்த குழந்தை வளர்ந்து கல்யாணத்துக்கு நிற்கும் வரை அந்த விதை காத்திருக்கும்.

ஏரியை இது மூடினால் என்ன ஆகும்? வெயில் தண்ணீருக்குள் போகாது. தண்ணீரில் காற்று குறையும். மீன் செத்து மிதக்கும். அசையாத தண்ணீரில் கொசு முட்டை இடும். வலை வீச முடியாது. பரிசல் போகாது. ஏரியை நம்பிப் பிழைக்கும் மீன்காரருக்கு அன்றைய கூலி போய்விடும்.

மோரியிலிருந்து எங்கே போகிறது?

மோரியில் போட்டது மோரியோடு போய்விடும் என்று நினைக்கிறோம். எங்கே போகிறது? கொஞ்சம் கூடவே போய்ப் பார்ப்போம்.

பெங்களூர் ஏரிகள் தனித்தனியாக இல்லை. அந்தக் காலத்தில் ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும்படி வெட்டி வைத்தார்கள். அப்படிப் போகும் கால்வாயை இங்கே ராஜகாலுவை என்று சொல்கிறார்கள். நம் தெரு மோரி ராஜகாலுவையில் சேர்கிறது.

மடிவாளா ஏரி நிரம்பினால் தண்ணீர் அகரம் ஏரிக்குப் போகும். அகரத்திலிருந்து பெள்ளந்தூர் ஏரிக்கு. பெள்ளந்தூரிலிருந்து வர்த்தூர் ஏரிக்கு. வர்த்தூரிலிருந்து தட்சிண பினாகினி ஆற்றுக்கு.

தட்சிண பினாகினி எந்த ஆறு தெரியுமா? நம் தென்பெண்ணைதான் அது! எல்லையைத் தாண்டினால் ஓசூர் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை. அடுத்து கிருஷ்ணகிரி அணை. பிறகு சாத்தனூர் அணை. கடைசியில் கடலூர் பக்கம் கடல்.

உங்களில் எத்தனை பேருக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம்? எத்தனை பேருக்குத் திருவண்ணாமலை பக்கம்? கை தூக்குங்கள். பாருங்கள், பாதிப் பேருக்கு மேல் கை தூக்கிவிட்டார்கள்.

பிழைப்புக்காக நாம் இங்கே வந்தோம். நம் அண்ணன் தம்பிகள் அங்கே அந்த ஆற்றுத் தண்ணீரில் பயிர் செய்கிறார்கள். இங்கே மோரியில் நாம் போடும் செடி ஏரி ஏரியாகத் தாண்டி நம் ஊருக்கே போகலாம். ஊருக்குப் பணம் அனுப்புகிறோம், துணி அனுப்புகிறோம். இதையும் அனுப்ப வேண்டுமா?

இந்தச் செடியை அடக்கப் பெங்களூரில் பெரிய முயற்சி எல்லாம் செய்தார்கள். 1980-களில் ஆராய்ச்சியாளர்கள் வெளிநாட்டிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டு வந்தார்கள். அந்த வண்டு ஆகாயத்தாமரையைத்தான் தின்று வாழும். நம் பயிரைத் தின்னுமா என்று முதலில் சோதித்தார்கள். பிறகுதான் ஏரிகளில் விட்டார்கள். சில ஏரிகளில் செடி வெகுவாகக் குறைந்தது. ஆனால் சாக்கடை வருவது நிற்கவில்லை. செடியும் திரும்பத் திரும்ப வந்தது. இன்றும் மாநகராட்சி இயந்திரம் வைத்து ஏரிகளில் செடியை வாரிக் கொட்டுகிறது. அதற்கு ஆகும் செலவு யார் பணம்? நம் வரிப்பணம்.

வாளியில் இருந்தபோது ஒரு கையால் எடுத்திருக்கலாம். ஏரிக்குப் போனபின் இயந்திரம் வந்தாலும் தீரவில்லை. இதுதான் நான் கற்ற பாடம்.

வேலியில் வைத்த செடி

தண்ணீரில் வளரும் செடி மட்டும்தானா? இல்லை. தரையில் வளரும் செடியும் உண்டு. உண்ணிச்செடி உங்களுக்குத் தெரியும். மஞ்சள், சிவப்பு, ரோஜா நிறம் எனக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஊரில் சிறு வயதில் அதன் கறுப்புப் பழத்தைப் பறித்துத் தின்றிருப்பீர்கள்.

அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். 1809-ஆம் ஆண்டில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டு வந்தார்கள். பிறகு பங்களாக்களில் வேலியாக வைத்தார்கள். வேலி தாண்டுவது எப்படி? குருவி பழத்தைத் தின்றது. பறந்து போய்க் காட்டில் எச்சமிட்டது. எச்சத்தில் இருந்த விதை முளைத்தது.

நம்மில் பலர் மாதேஸ்வரன் மலைக்குப் போயிருக்கிறோம். போகும் வழியில் இரண்டு பக்கமும் பாருங்கள். புதர் புதராக இந்தச் செடிதான். புதருக்கு அடியில் புல் சரியாக வளராது. புல் இல்லை என்றால் மான் என்ன தின்னும்? காட்டெருமை என்ன தின்னும்? மாடு இந்த இலையைத் தின்றால் ஈரல் கெட்டு நோய் வரும். அங்கே வாழும் சோளகர்கள் தேனும் நெல்லிக்காயும் எடுத்துப் பிழைப்பவர்கள். இந்தப் புதர் அவர்களுடைய நடைபாதையையும் மூடுகிறது.

2020-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நம் நாட்டில் புலிகள் வாழும் காடுகளில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் இந்தச் செடி பரவியிருக்கும் என்று அது கணக்கிட்டது. ஒரு தோட்டத்தில் தொடங்கியது இவ்வளவு தூரம் போயிருக்கிறது.

காட்டு மக்கள் சும்மா இருக்கவில்லை. மாதேஸ்வரன் மலையில் இந்தச் செடியின் குச்சியை வெட்டி, வேக வைத்து, தோல் உரித்து, நாற்காலியும் மேசையும் செய்யப் பழகினார்கள். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம் லால்பாகில் பெரிய பெரிய யானைப் பொம்மைகளை வைத்திருந்தார்கள். உங்களில் சிலர் பிள்ளைகளோடு போய்ப் பார்த்திருப்பீர்கள். அவை உண்ணிக் குச்சியால் செய்தவை. நீலகிரியில் கூடலூர் பக்கத்துப் பழங்குடி மக்கள் செய்தவை. கெட்டதிலிருந்தும் பிழைப்பைத் தேடிக் கொண்டார்கள். ஆனால் அவர்கள் எவ்வளவு வெட்டினாலும் காட்டில் இருப்பது தீராது.

வெளியூர்ச் செடி எல்லாம் கெட்டதா?

போன வாரம் ஓர் அக்கா என்னிடம் கேட்டார். "அப்படியானால் வெளியூரிலிருந்து வந்தது எல்லாம் கெட்டதா? நாமும் வெளியூரிலிருந்து வந்தவர்கள்தானே?" நல்ல கேள்வி.

கெட்டது இல்லை அக்கா. மிளகாய் எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் கண்டத்திலிருந்து. தக்காளி, உருளைக்கிழங்கு, கொய்யா எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். வந்த இடத்தில் ஒழுங்காக இருந்து நமக்குச் சோறு போடுகின்றன. மிளகாய் இல்லாமல் நாம் குழம்பு வைப்போமா?

எந்த ஊர்ச் செடி என்பது கேள்வி அல்ல. வைத்த இடத்தில் நிற்கிறதா, ஓடிப் போய் மற்றச் செடிகளை அழிக்கிறதா என்பதுதான் கேள்வி. சொந்த ஊரில் அந்தச் செடியைத் தின்ன பூச்சி இருக்கும், வண்டு இருக்கும். அதனால் அங்கே அளவோடு இருக்கும். இங்கே அவை இல்லை. அதனால் ஓட்டம் பிடிக்கிறது.

அப்படி ஓடும் செடி இன்னும் சில உண்டு. நெய்வேலிக் காட்டாமணக்கை ஊர் ஏரிகளில் பார்த்திருப்பீர்கள். வெட்டிப் போட்ட துண்டுகூட ஈரம் பட்டால் வேர் விடும். இன்னொன்று, தரையில் படரும் மஞ்சள் பூக் கொடி. பூங்காக்களில் புல்லுக்குப் பதிலாக வைக்கிறார்கள். பார்ப்பதற்கு மஞ்சள் கரிசலாங்கண்ணி போல இருக்கும். ஆனால் அது வேறு, இது வேறு. மருந்து என்று நினைத்து இதைப் பறித்து விடாதீர்கள். இதுவும் கணுவுக்குக் கணு வேர் விட்டுப் பரவும்.

நாம் என்ன செய்யலாம்?

செடி வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செடியைப் பார்த்து வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒன்று: யாராவது செடி கொடுத்தால் பெயரைக் கேளுங்கள். நர்சரியில் வாங்கும்போதும் கேளுங்கள். "இது பரவுமா?" என்று கேளுங்கள். "சீக்கிரம் வளரும், எங்கே போட்டாலும் வளரும்" என்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

இரண்டு: எந்தச் செடியையும் மோரியிலோ, ஏரியிலோ, காலி மனையிலோ போடாதீர்கள். மீன் தொட்டி வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். அந்தத் தண்ணீரை மோரியில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள செடித் துண்டுகளை எடுத்துவிட்டு, தொட்டி மண்ணில் ஊற்றுங்கள்.

மூன்று: வீட்டில் ஆகாயத்தாமரை இருந்தால், பூ காய்ந்து விதை விழும் முன் எடுத்து விடுங்கள். மொட்டை மாடியில் சாக்கின் மேல் பரப்புங்கள். வெயிலில் மொறுமொறு என்று காய விடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் மக்கும் குப்பையோடு கொடுங்கள். வாளித் தண்ணீரையும் மண்ணில் ஊற்றுங்கள்.

நான்கு: உண்ணிச்செடி இருந்தால், பழம் வருவதற்கு முன் வேரோடு எடுங்கள். மேலே வெட்டினால் மீண்டும் தழைக்கும்.

ஐந்து: அந்த இடத்தில் வேறு நல்ல செடி வையுங்கள். தண்ணீரில் பூ வேண்டுமா? அல்லி வையுங்கள், தாமரை வையுங்கள். வேலிக்கு நொச்சியும் ஆடாதோடையும் இருக்கின்றன. நொச்சி தலைவலிக்கு ஆகும், ஆடாதோடை இருமலுக்கு ஆகும் என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். கண்ணுக்கு அழகாக வேண்டுமா? இட்லிப் பூ, நந்தியாவட்டை, மல்லிகை வையுங்கள்.

ஆறு: கற்றதைச் சொல்லுங்கள். உங்களில் பலர் பெரிய வீடுகளில் வேலை செய்கிறீர்கள். சில அண்ணன்மார்கள் தோட்ட வேலை செய்கிறீர்கள். வெட்டிய செடியைக் கொண்டு போய்க் கொட்டுவது நம் கைதான். "இதை ஏரிப் பக்கம் கொட்டக் கூடாது அம்மா, காய வைத்துக் கொடுக்கிறேன்" என்று நாம் சொல்லலாம். படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை. நீங்களும் இப்போது படித்தவர்கள்தான்.

அந்த மழைக்குப் பிறகு நான் என் வாளியைக் காலி செய்தேன். செடி வாங்கியவர்களின் வீட்டுக்கெல்லாம் போய்க் கேட்டேன். நான்கு வீட்டில் கொடுத்தார்கள். ஒரு வீட்டில், "பூ நன்றாக இருக்கிறதே" என்று கொடுக்க மறுத்தார்கள். அடுத்த நாள் அல்லிக் கிழங்கு ஒன்று கொண்டு போனேன். மாற்றிக் கொண்டார்கள்.

பாட்டிக்குப் புது நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதன் முதல் பக்கத்தில் பாட்டி மீண்டும் தன் பெயரை எழுதினார். இந்த முறை பென்சிலால் எழுதினார். ஏன் பாட்டி என்று கேட்டேன். "பென்சில் தண்ணீரில் கரையாது" என்றார்.

பாட்டி இன்னும் மழைக்குப் பயப்படுகிறார். அந்தப் பயத்தை நாம் போக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் தெருவில் கூடுவோம். எந்த வீட்டு வாளியில் என்ன செடி இருக்கிறது என்று பார்ப்போம். மோரியையும் பார்ப்போம். மழை வருவதற்கு முன் பார்ப்போம்.



கலந்து பேசுவோம்

1. உங்கள் வீட்டில் என்னென்ன செடிகள் இருக்கின்றன? பெயர்களை எழுதுங்கள்.
2. உங்கள் தெரு மோரித் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது? கேட்டுத் தெரிந்து எழுதுங்கள்.
3. ஒரு செடி இரண்டு வாரத்தில் இரண்டு மடங்கானால், 3 செடிகள் எட்டு வாரத்தில் எத்தனை ஆகும்?